அறுபது அம்பியர் கல்யாணம்

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் பிறந்த கோசலை மின்சாரத்தைப் பற்றிப் படித்தது மின்சாரம் இல்லாத காலத்தில். ஊரில் மின்நிலையம் என்னவோ இருந்தது. ஆனால் அவள் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது யுத்தத்தில் குடாநாடு முழுவதும் இருண்டு போயிருந்தது. ஜாம் போத்தலுக்குள் மண்ணெண்ணெய்த் திரியைக் கொளுத்தி வைத்துக்கொண்டு அழுத்தம், ஓட்டம், தடை என்று மூன்றையும் மனப்பாடம் செய்தாள். வோல்ட்டை அம்பியரால் பிரித்தால் தடை, அதன் அலகு ஓம். வோல்ட்டையும் அம்பியரையும் பெருக்கினால் வலு, அதாவது வாட். சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு விசேட சித்தி என்ற ஆக உயர்ந்த தேர்ச்சி கிடைத்தது. வீட்டில் ஒரு சுவிட்சைத் தட்டி விளக்குப் போடாமலே வாங்கிய சித்தி என்பதில் அவளுக்கு இன்றைக்கும் பெருமைதான்.

பாரிஸுக்கு வந்தபின் அந்தப் படிப்பு பல வருடம் சும்மா கிடந்தது. தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ காய் தெருவில் ஒரு சேலைக் கடையில் விற்பனையாளராகச் சேர்ந்தாள். கூறைச்சேலையை விரித்துக் காட்டுவதற்கு ஓட்டமும் தடையும் தேவைப்படவில்லை. அவற்றை மறுபடி தட்டி எழுப்பியது அவர்கள் குடிபோன வீடு. லா சப்பல் மெத்ரோ ரயில் நிலையத்துக்குப் பின் தெருவில் ஆறாம் மாடி. முன்பு அங்கே இருந்தவர் தனி ஆள், ஆகக் குறைந்த மின்சார ஒப்பந்தம் போட்டிருந்தார். கோசலையும் கணவர் யோகநாதனும் அதை அப்படியே தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டார்கள். பதினைந்து அம்பியருக்கு மேலே போனால் வாசல் கதவுக்கு மேல் இருக்கும் பெட்டியில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். பிறகு வீடு சுன்னாகமாகிவிடும்.

யோகநாதன் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல்காரர். வேலையிடத்தில் பன்னிரண்டு அடுப்பை ஒரே நேரத்தில் எரிய விடுகிறவருக்கு, சொந்த வீட்டில் ஒரு தேநீர் போட முடியாதது பெரிய மானப் பிரச்சினையாக இருந்தது.

"ஒப்பந்தத்தைக் கூட்டிப் போடுவம் கோசலை. ஒரு போன் அடிச்சாச் சரி."

"எதுக்கு? இருநூற்றி முப்பது வோல்ட், பதினைஞ்சு அம்பியர். மூவாயிரத்தி நானூற்றி அம்பது வாட் வருது. ரெண்டு பேருக்கு இது தாராளமாக் காணும். கணக்குப் பாத்துப் பாவிக்க வேணும்."

கணக்கை அவளே பார்த்தாள். தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்திலைக் கவிழ்த்து அடியில் எழுதியிருந்ததை வாசித்தாள்: இரண்டாயிரம் வாட். இஸ்திரிப் பெட்டியும் இரண்டாயிரம். ஹீற்றர் ஆயிரத்து ஐந்நூறு, மைக்ரோவேவ் ஆயிரத்து இருநூறு, சோறு அவிக்கிற சட்டி எழுநூறு. எல்லாவற்றையும் மனதில் போட்டுக்கொண்டாள். அன்று முதல் அந்த வீட்டில் எதையாவது செருகுவதற்கு முன்னால் சத்தமாகக் கேட்டு உத்தரவு வாங்க வேண்டும் என்று ஆனது.

"கோசலை, கேத்தில் போடட்டே?"

"ஹீற்றரை நிப்பாட்டிப் போட்டுப் போடுங்கோ."

"குளிருதப்பா."

"அப்ப தேத்தண்ணி வேண்டாம்."

பனி கொட்டிய ஒரு நாள் யோகநாதன் ஹீற்றரை நிற்பாட்டினார், தண்ணீரைக் கொதிக்க வைத்தார், தேநீர் ஊற்றவில்லை. கேத்திலை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்தபடி செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பேச்சுவார்த்தைகள் எல்லாம் கீழ் வீட்டுக்குத் தெளிவாகக் கேட்கும். அங்கே மர்கரீத் இருந்தாள். புதுச்சேரிக்காரி, நகரசபையில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். அன்றைக்கு அவள் படிக்கட்டில் நின்று மேலே பார்த்துக் கூப்பிட்டாள்.

"கோசலை, பாவம்மா அவரு. என் வீட்ல தண்ணி சூடா இருக்கு, கீழ அனுப்பு."

யோகநாதன் போனார். வெகு நேரம் திரும்பி வரவில்லை.

கோசலையின் கணக்கைப் பற்றிக் கடைத்தெருவுக்குச் செய்தி பரவியதற்குக் காரணமும் யோகநாதன்தான். அவர் குறையாகச் சொன்னதைக் கேட்டவர்கள் நிறையாக எடுத்துக்கொண்டார்கள். ரூ காயில் எல்லாம் பழைய கட்டடங்கள். கொத்துரொட்டிக் கடையில் கல்லைப் போட்டால் பக்கத்து நகைக் கடையில் விளக்கு மங்கும். ஆகவே ஆட்கள் சேலைக் கடைக்கு வரத் தொடங்கினார்கள், சேலை வாங்க அல்ல. சாப்பாட்டுக் கடைக்காரர் ஒருவர், எண்ணெய் பட்டு எழுத்தெல்லாம் அழிந்து போன பொரிக்கும் சட்டி ஒன்றைத் தூக்கி வந்து பட்டுச் சேலைகளுக்கு நடுவில் வைத்தார். கோசலை பத்து யூரோவுக்கு வாங்கி வைத்திருந்த மீட்டரை எடுத்தாள். பிளக்கின் இரண்டு முள்ளிலும் அதன் கம்பிகளை வைத்துப் பார்த்தாள்.

"இருபத்தாறு."

"இருபத்தாறு ஓமோ அக்கா?"

"ஓம்."

"ஓமோ?"

"ஓம், ஓம்."

தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலா வந்து சேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, கையிலிருந்த சேலையைப் பவ்வியமாகக் கீழே வைத்துவிட்டு, "பூஜை நேரம்னா நாங்க அப்புறம் வர்றோம்" என்று கிளம்பிவிட்டாள். யாழ்ப்பாணத்தில் ஆமாம் என்பதற்கும் ஓம் என்றுதான் சொல்வார்கள் என்பதைக் கடை முதலாளி தெருவரை பின்னால் போய் விளக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு கோசலைக்கு ரூ காயில் ஓம் அக்கா என்றே பெயர்.

அந்தப் பெயர் வந்த அடுத்த வருடம் அவளுடைய பெரியம்மாவின் மகன் கரிகாலன் தன் மகள் அஜந்தாவுக்குக் கல்யாணம் வைத்தார். மாப்பிள்ளை லூடோவிக், பிரெஞ்சுப் பெடியன், அஜந்தாவோடு ஒரே அலுவலகம். கரிகாலனுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. ஆனால் சனம் ஒரு வார்த்தை குறைவாகச் சொல்லிவிடக் கூடாது என்று ஒரு பதற்றம் இருந்தது. ஆகவே எல்லாவற்றையும் இரண்டு மடங்காகச் செய்தார். பாரிஸுக்கு வெளியே ஸ்தேனில் ஒரு மண்டபம் பிடித்தார். அது சன்னல் இல்லாத பழைய கட்டடம், முன்பு ஏதோ பொருட்கள் வைக்கும் கிடங்காக இருந்தது. உள்ளே சுடச்சுடத் தோசை வார்ப்பதற்குக் கரண்டில் சூடாகும் கல் இரண்டு, சாப்பாடு ஆறாமல் வைக்கும் அலமாரி, தேநீருக்குப் பெரிய கொதிகலம், மேடை விளக்குகள், பாட்டுப் பெட்டிகள். எல்லாவற்றுக்கும் மேலாக மணப்பெண் வரும்போது தரையெல்லாம் வெள்ளைப் புகை விடும் ஒரு மெசின்.

"பிள்ளை, கரண்ட் பொறுப்பு நீதான்," என்றார் கரிகாலன். "மண்டபக்காரன் அறுபது அம்பியர் எண்டு சொல்லுறான். காணுமே?"

"வந்து பாத்துத்தான் சொல்லுவன் அண்ணை."

கல்யாணத்துக்கு முதல்நாள் மத்தியானம் கோசலை மண்டபத்துக்குப் போனபோது தோசைக் கல்லின் முன்னால் ஒரு வெள்ளைக்காரர் முழந்தாளிட்டுக் குனிந்து, அதன் அடியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் தகப்பன் ழான்-லூக். காப்புறுதி நிறுவனத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக் கார் கொட்டிலில் காரை வெளியே தள்ளிவிட்டு, இருபது வருடமாகப் பொம்மை ரயில் பாதை போட்டு வருகிறவர். மேடை அலங்காரத்துக்குப் பூக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போக வந்தவர், பூவைக் காரிலேயே மறந்துவிட்டு இங்கே நின்றுவிட்டார்.

"இது எத்தனை வாட் என்று எழுதவில்லை," என்றார் கவலையோடு.

"எழுதியிருந்தது. எண்ணெய் தின்றுவிட்டது," என்றாள் கோசலை. சேலைக் கடையில் பழகிய பிரெஞ்சு அவளுக்கு இதற்குப் போதுமாக இருந்தது.

ழான்-லூக் காருக்கு ஓடினார். பூவோடு வரவில்லை, மீட்டரோடு வந்தார். பிளக்கைக் கழற்றி முள்ளில் கம்பியை வைத்தார்கள். இருபத்து மூன்று ஓம்.

"இருநூற்று முப்பதை இருபத்து மூன்றால் பிரித்தால்," என்று ழான்-லூக் தொடங்கினார்.

"பத்து அம்பியர்," என்று கோசலை முடித்தாள். "பத்தை இருநூற்று முப்பதால் பெருக்கினால் இரண்டாயிரத்து முந்நூறு வாட்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தன் மனைவி நதாலி இருபது வருடமாகப் பாதியிலேயே எழுந்து போன ஒரு பேச்சை, யாரோ முன்பின் தெரியாத ஒருத்தி தானாகவே எடுத்து முடித்ததில் ழான்-லூக்கின் கண் கொஞ்சம் கலங்கியது என்று கோசலை பிறகு சொன்னாள். யோகநாதன் அதை நம்பவில்லை.

சாப்பாட்டு மேசையில் விரித்திருந்த காகித விரிப்பில் கணக்கு எழுத உட்கார்ந்தார்கள். முதல் வரியிலேயே சண்டை வந்தது. அவர் U = R × I என்று எழுதினார். அவள் U-வை வெட்டிவிட்டு V என்று எழுதினாள்.

"மேடம், அது U."

"எங்கள் புத்தகத்தில் V."

"V என்பது வோல்ட் என்ற அலகு. அழுத்தத்துக்கு U. பிரான்ஸ் முழுக்க அப்படித்தான்."

"இலங்கை முழுக்க V. எனக்கு விசேட சித்தி."

தோசைக்கு மா அரைக்க வந்தவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். சம்பந்தி வீட்டுக்காரர்களுக்குள் கல்யாணத்துக்கு முன்னாலேயே ஏதோ பிசகிவிட்டது என்று யாரோ கரிகாலனுக்குப் போன் பண்ணினார்கள். அவர் பதறியடித்து வந்து சேர்ந்தபோது பிரச்சினை தீர்ந்திருந்தது. எழுத்தே வேண்டாம், இருநூற்று முப்பது என்று எண்ணையே எழுதுவோம் என்று இருவரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

தோசைக் கல் இரண்டும் இருபது அம்பியர். கொதிகலம் பத்து. சாப்பாட்டு அலமாரி எட்டு. மேடை விளக்கு ஆறு, பாட்டு நாலு. மண்டபத்தின் சொந்த விளக்குகளும் குளிர்ப்பெட்டியும் ஏழு. கூட்டினால் ஐம்பத்தைந்து. புகை மெசின் ஐந்து.

"சரியா அறுபது," என்றார் கரிகாலன். "கடவுளே பாத்துத் தந்த கணக்கு."

"இல்லை அண்ணை. விளிம்பிலை கொண்டுபோய் நிப்பாட்டக் கூடாது. புகை வேண்டாம்."

"புகை இல்லாட்டி பொம்பிளை எப்பிடி உள்ளுக்கை வாறது?"

"நடந்து."

கரிகாலனின் முகம் விழுந்துவிட்டது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் ழான்-லூக் என்னவென்று கேட்டு நடுவில் புகுந்து, புகை விடும் நேரத்துக்கு மட்டும் கொதிகலத்தை நிற்பாட்டிவிடலாம் என்று யோசனை சொன்னார். கோசலை மேசை விரிப்பைப் பார்த்தாள். ஐம்பது. சரி என்றாள்.

மறுநாள் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. கோசலை சேலை இடுப்பில் மீட்டரைச் செருகிக்கொண்டு நின்றாள். ழான்-லூக் வேட்டியில் வந்திருந்தார். அது அவிழாமல் இருக்க மேலே தோல் பெல்ட் கட்டியிருந்தார். கோசலை சமையலறையில் கையை உயர்த்தினாள், கொதிகலம் நின்றது. ழான்-லூக் மேடையருகே கையை உயர்த்தினார், புகை வந்தது. அஜந்தா முழங்கால்வரை மேகத்துக்குள் நடந்து வந்தாள். கரிகாலன் அழுதார். தாலி கட்டியாயிற்று. புகை மெசினைக் கழற்றி அதன் பெட்டிக்குள் வைத்துக் கோசலை தானே மூடினாள். கொதிகலத்தை மறுபடி போட்டார்கள். இனி ஐம்பத்தைந்துக்கு மேல் போக வழியில்லை.

முதல் பந்தி எழும்பிய கொஞ்ச நேரத்தில் மண்டபம் இருண்டது. பாட்டு பாதி வரியில் நின்றது. இருட்டுக்குள் தோசைக் கரண்டி ஒன்று விழுந்து உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

கோசலை போனில் வெளிச்சம் அடித்துக்கொண்டு பிரதான பெட்டிக்கு ஓடினாள். பின்னால் வேட்டியைப் பிடித்தபடி ழான்-லூக் ஓடினார். விசையை மேலே தள்ளியதும் எல்லாம் வந்தது. இருவரும் மேசை விரிப்பைத் தேடிப் போனார்கள். முதல்நாள் கணக்கு எழுதிய விரிப்பு மேல் பதினைந்து பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவரின் சாம்பாருக்குக் கீழே ஐம்பத்தைந்து இருந்தது.

"கூட்டல் சரிதான்," என்றார் ழான்-லூக்.

"சரி," என்றாள் கோசலை.

மண்டபம் இருண்டது.

இந்த முறை கரிகாலனும் பெட்டியடிக்கு வந்தார். "பிள்ளை, மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்ன நினைப்பினம்?" என்று கேட்டார், மாப்பிள்ளையின் தகப்பன் பக்கத்தில் நின்று விசையைத் தள்ளிக்கொண்டிருப்பதைக் கவனிக்காமல். புகை மெசின்காரன் ஒளித்துவைத்து ஓட்டுகிறானோ என்று கோசலை போய்ப் பார்த்தாள். அவன் இருட்டில் கைதவறிப் பாயசத்தை மடியில் ஊற்றிக்கொண்டு பரிதாபமாக இருந்தான். பாட்டுக்காரன் சத்தத்தைக் கூட்டவில்லை என்று சத்தியம் செய்தான். ழான்-லூக் ஒரு தோசைக் கல்லை நிற்பாட்டிப் பார்ப்போம் என்றார். நிற்பாட்டினார்கள். கணக்குப்படி நாற்பத்தைந்து. பத்து அம்பியர் குறைந்த பிறகும், இரண்டாம் பந்தி எழும்பியதும், கொஞ்சம் பொறுத்து, மறுபடி இருட்டு.

இந்தக் கணக்கு இதுவரை கோசலையைக் கைவிட்டதே இல்லை. முகம் கழுவலாம் என்று, கரண்ட் வந்ததும், பெண்கள் கழிவறைப் பக்கம் போனாள்.

அங்கே கதவுவரை வரிசை. எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, ஈரக் கையைச் சேலையில் படாமல் முன்னால் நீட்டிப் பிடித்தபடி நின்றார்கள், மருதாணி காய்வதற்கு நிற்பது போல. உள்ளே சுவரில் கை காய வைக்கும் காற்று மெசின் ஒன்று இரைந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் நின்றது கீழ் வீட்டு மர்கரீத். முதல் இருட்டில் அவள் சேலை முந்தானையில் ரசம் கொட்டிவிட்டது. அதைக் கழுவிப் பிழிந்து, காற்றுக்கு நேரே இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தாள்.

"எவ்வளவு நேரமா இஞ்சை நிக்கிறியள் அக்கா?"

"ரொம்ப நேரமா. இந்த மெஷின் சரியில்லம்மா. நடுநடுவுல தானா நின்னுடுது. கூடவே லைட்டும் போயிடுது."

கோசலை மெசினின் அடியைக் குனிந்து பார்த்தாள். இரண்டாயிரத்து எழுநூற்று அறுபது வாட். இருநூற்று முப்பதால் பிரித்தால் பன்னிரண்டு அம்பியர். ஆண்கள் பக்கமும் இதே மெசின் இருக்கும். பன்னிரண்டும் பன்னிரண்டும் இருபத்து நாலு. முள்ளுக் கரண்டியால் சாப்பிடுகிற சனத்தில் யாராவது ஒருவர்தான் கை கழுவப் போவார். இங்கே ஒரு பந்தி எழும்பினால் நூறு கை. நூறு கையும் ஈரக் கை. தோசைக் கல்லை அளந்தார்கள், கொதிகலத்தை அளந்தார்கள், கையை யாரும் அளக்கவில்லை.

வெளியே வந்து ழான்-லூக்கிடம் சொன்னபோது அவர் சுவரில் சாய்ந்துவிட்டார். பிறகு இருவரும் ஒரு சத்தமும் இல்லாமல், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். அதைத் தூரத்திலிருந்து பார்த்த கரிகாலன், இருவரும் அழுவதாக நினைத்து, தானும் அழப் போனார்.

மெசின்கள் சுவரோடு பொருத்தியவை, கழற்ற முடியவில்லை. அவற்றுக்குத் தனி விசை எங்கே என்று மண்டபக்காரருக்கே தெரியவில்லை. ஆகவே ஆள்தான் நிற்க வேண்டும். பெண்கள் வாசலில் கோசலை நின்றாள். ஆண்கள் வாசலில் யோகநாதனை நிறுத்தலாம் என்று பார்த்தால், அவர் ஏற்கெனவே தோசைக் கல்லை எடுத்துக்கொண்டு, வார்க்க வந்தவர்களை ஓரமாக நிற்க வைத்திருந்தார். அன்று அவருக்கு இரண்டு கல்லையும் யாரிடமும் கேட்காமல் எரிய விடக் கிடைத்த நாள். அவரை அசைக்க முடியவில்லை.

"நான் நிற்கிறேன்," என்றார் ழான்-லூக். "தமிழில் என்ன சொல்ல வேண்டும்?"

கோசலை சொல்லிக்கொடுத்தாள். அவர் ஒரு பெரிய காகிதக் கைதுடைப்புச் சுருளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றார். வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்து, "காத்து வேண்டாம், நன்றி," என்றார். உச்சரிப்பு அவ்வளவு மோசமில்லை. கொஞ்ச நேரத்தில் சிறுவர்கள் அதைக் கேட்பதற்காகவே திரும்பத் திரும்பக் கை கழுவ வந்தார்கள். மொந்த்ரேயிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் துண்டை வாங்கிக்கொண்டு, பிரெஞ்சில், மாப்பிள்ளையின் தகப்பனைக் கண்டு வாழ்த்துச் சொல்ல வேண்டும், எங்கே இருக்கிறார் என்று விசாரித்தார்.

"நான்தான்," என்றார் ழான்-லூக்.

பெரியவர் அவரைத் தலையிலிருந்து பெல்ட்வரை பார்த்தார். பிறகு கனிவோடு அவர் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போய், வேறு ஆளைத் தேடினார்.

அதற்குப் பிறகு மண்டபம் இருளவில்லை. குடும்பப் படம் எடுக்கும் நேரத்தில் ழான்-லூக் இடத்தை விட்டு வர மறுத்துவிட்டார், இன்னும் ஒரு பந்தி இருக்கிறது என்று. கடைசியில் படக்காரன், மாப்பிள்ளை, பெண், நதாலி, கரிகாலன் எல்லாரும் கழிவறை வாசலுக்கே போனார்கள். அஜந்தாவின் கல்யாண ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. ழான்-லூக்கின் கையில் காகிதச் சுருள். நதாலி மட்டும் வேறு பக்கம் பார்க்கிறாள்.

கரிகாலன் இரண்டு வாரம் கோசலையோடு பேசவில்லை. பிறகு, கல்யாணத்துக்கு வந்த சனம் முழுவதும் அந்த இருட்டைப் பற்றியும் 'காத்து வேண்டாம்' மனிதரைப் பற்றியும்தான் கதைக்கிறது, சாப்பாட்டைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை என்று தெரிந்ததும், தானே போன் எடுத்தார்.

வசந்த காலத்தில் ழான்-லூக்கும் நதாலியும் கோசலையையும் யோகநாதனையும் தங்கள் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். சூப் முடிவதற்குள் ழான்-லூக்கும் கோசலையும் கார் கொட்டிலுக்குள் போய்விட்டார்கள். ரயில் ஒன்று வளைவில் மெதுவாவதற்குத் தண்டவாளத்தின் தடைதான் காரணமா என்று பார்க்க வேண்டுமாம். மேசையில் நதாலியும் யோகநாதனும் மிஞ்சினார்கள்.

"இனி மாலைவரை வரமாட்டார்கள்," என்றாள் நதாலி.

"வந்தாலும் அதைத்தான் கதைப்பார்கள்," என்றார் யோகநாதன்.

நதாலி அவரைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் வெங்காயத்தாள் போன்ற லீக்ஸ் பாத்தியைக் காட்டினாள். அவர் அதைத் தேங்காய்ப்பால் விட்டுச் சொதிக் குழம்பு வைக்கலாம் என்றார். எப்படி என்று கேட்டாள். உள்ளே போய், அனுமதி கேட்காமல் அடுப்பைப் போட்டு, செய்து காட்டினார்.